மடங்காத முழங்கால்

ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில், ஃபுஜி ஆற்றங்கரையில், கஜிகசாவா என்று ஒரு சிற்றூர். ஃபுஜி மலையைப் பல கோணங்களில் வரைந்த ஹொகுசாயின் புகழ்பெற்ற ஓவிய வரிசையில் இந்த ஊருக்கும் ஓர் ஓவியம் உண்டு. 1973ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஊரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. ஆனால் ஓவியத்துக்காக அல்ல. அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பல குழந்தைகளால் முழங்காலை மடக்க முடியவில்லை என்று செய்தி வெளியானது. காலை நீட்டியபடியே பக்கவாட்டில் வீசி நடந்தார்கள். ஓட முயன்றால் விழுந்தார்கள். ஜப்பானிய வீடுகளில் மண்டியிட்டுக் குதிகால்களின் மேல் அமர்வதுதான் மரியாதையான இருக்கை. அந்த இருக்கை அவர்களுக்கு எட்டவே இல்லை. இளம்பிள்ளைவாதம் தாக்கிய கால்கள் அல்ல அவை. எலும்பும் முறிந்திருக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. சளி, காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போதெல்லாம் தொடையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

யமனாஷியோடு இது நிற்கவில்லை. 1970களில் ஜப்பான் முழுவதும் ஏறத்தாழ 3,600 குழந்தைகளிடம் இந்தத் தொடைத்தசை இறுக்கம் பதிவானது. பெற்றோர்கள் சங்கம் அமைத்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகஹாஷி கோசெய் முதலிய மருத்துவர்கள் தாமாகவே முன்வந்து ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். அரசின் மீதும் மருந்து நிறுவனங்கள் மீதும் மருத்துவர்கள் மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

இத்தனைக்கும் மருத்துவ உலகம் இந்த நோயை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானிலேயே 1940களில் ஒரு குழந்தையைப் பற்றிய குறிப்பு வந்திருந்தது. அதைப் பிறவிக் கோளாறு என்று எண்ணினார்கள். 1961இல் பிராக் நகரத்து ஹ்னெவ்கொவ்ஸ்கி, குழந்தைகளின் தொடைத் தசை ஒன்று மெல்ல மெல்ல நாராக மாறிவருவதை விவரித்தார். அதே ஆண்டு ஃபேர்பேங்கும் பேரட்டும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் இருவரிடமும் இதைக் கண்டு எழுதினார்கள். இரட்டையர் இருவருக்குமே வந்தால் பிறவிக் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் குறைமாதத்தில், எடை குறைந்து பிறப்பவர்கள். பிறந்த முதல் வாரங்களிலேயே அதிகம் ஊசி வாங்குகிறவர்களும் அவர்கள்தான்.

1964இல் திரை விலகியது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் லாய்ட்-ராபர்ட்ஸும் அவருடன் தாமஸும், சிங்கப்பூரில் பணியாற்றிய கன் என்பவரும், ஒரே மருத்துவ இதழின் ஒரே தொகுதியில் தனித்தனியே எழுதினார்கள். இந்தக் குழந்தைகளின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டினால் கைக்குழந்தைப் பருவத்தில் கடும் நோயும், தொடையில் திரும்பத் திரும்பப் போட்ட ஊசிகளும், தொடைத் திசுவுக்குள் ஏற்றிய உப்புநீரும் வெளிவருகின்றன என்பதே இரு கட்டுரைகளும் காட்டிய செய்தி. கஜிகசாவா செய்தியாவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இது அச்சில் இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஊசி வாங்கிய குழந்தைகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

தொடையின் முன்பக்கத்தை நிறைத்திருப்பது நாற்றலைத் தசை. பெயருக்கேற்ப நான்கு தசைகளின் கூட்டு அது. வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று, இவற்றுக்கிடையே எலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் இடைத்தசை ஒன்று. மூன்றும் தொடை எலும்பிலேயே தொடங்குகின்றன. நான்காவதான நேர்த்தசை மட்டும் இடுப்பெலும்பிலிருந்து புறப்பட்டு, இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் தாண்டிப் போகிறது. நான்கும் கீழே ஒரே தசைநாணாகச் சேர்ந்து, முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, கணுக்கால் நோக்கிப் போகும் முன்னெலும்பில் முடிகின்றன. காலை நீட்டுவது இந்தத் தசையின் வேலை. காலை மடக்கும்போது இது விட்டுக்கொடுத்து நீள வேண்டும். நீள மறுத்தால் முழங்கால் மடங்காது.

பிறந்த குழந்தையின் தொடை எலும்பு எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். வளர்ந்த ஆளுக்கு அது 45 சென்டிமீட்டரைத் தொடும். இந்த வளர்ச்சியில் சுமார் 70 விழுக்காடு, முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் வளர்தட்டில்தான் நடக்கிறது. எலும்பு நீளும்போது அதைப் போர்த்தியிருக்கும் தசையும் கூடவே நீள வேண்டும். தசை எப்படி நீள்கிறது? தசையிழைக்குள் சார்க்கோமியர் எனும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. சுருங்குவதும் விரிவதும் அவைதான். வளரும் எலும்பு இழுக்க இழுக்க, இழையின் நுனிகளில் புதிய அலகுகள் சேர்கின்றன. வில்லியம்ஸ், கோல்ட்ஸ்பிங்க் என்ற இரு ஆய்வாளர்கள் வளரும் எலிகளின் தசைகளில் இதை 1971இல் காட்டினார்கள். இழுபடுவதுதான் தசைக்கு வளரச் சொல்லும் உத்தரவு.

தழும்புக்கு இந்தத் திறன் கிடையாது. தசையிழை அழிந்து அந்த இடத்தில் நார்த்திசு உருவாகிவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் அதில் சார்க்கோமியர் சேராது. எலும்பு ஆண்டுதோறும் நீள்கிறது, நார்ப்பட்டை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊசி போட்ட ஆண்டில் தெரியாத குறை, நான்கைந்து ஆண்டுகள் கழித்து வெளிவருவது இதனால்தான். ஹ்னெவ்கொவ்ஸ்கி 'மெல்ல மெல்ல' என்று விவரித்ததில், நார் பரவுவதைவிட எலும்பு வளர்வதன் பங்கே பெரிது. ஊசியை எல்லோரும் மறந்த பிறகு நோய் தெரியவருவதால், காரணமும் காரியமும் பெற்றோர் மனத்தில் எளிதில் இணைவதில்லை.

ஓர் ஊசி எப்படித் தசையை அழிக்கிறது? ஊசி முனை செய்யும் காயம் சிறியது, அது ஆறிவிடும். கேடு பெரும்பாலும் மருந்தில் இருக்கிறது. நம் இரத்தத்தின் அமில-கார அளவு (pH) 7.4ஐ ஒட்டியே நிற்கிறது. அக்காலத்தில் ஊசியாகப் போட்ட பல நுண்ணுயிர்க்கொல்லிகளும் காய்ச்சல் மருந்துகளும் அதைவிட மிகுந்த அமிலமாகவோ காரமாகவோ இருந்தன. உடல் நீரைவிடப் பல மடங்கு செறிவாகவும் இருந்தன. அப்படியொரு கரைசல் தசைக்குள் தேங்கும்போது அருகிலுள்ள இழைகள் வெந்து மடிகின்றன. கைக்குழந்தையின் தொடைத் தசை மிகச் சிறியது. அதற்குள் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் மருந்து புகுந்தால் உள்ளழுத்தம் கூடி, நுண்குழாய்களில் இரத்த ஓட்டமும் தடைபடுகிறது. சேதமடைந்த தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வல்லதுதான். ஆனால் அது ஆறுவதற்குள் அதே இடத்தில் அடுத்த ஊசி, அதற்கடுத்த ஊசி என்று விழுந்தால், தசையை மீட்கும் உயிரணுக்களை முந்திக்கொண்டு நார் பின்னும் உயிரணுக்கள் இடத்தைப் பிடித்துவிடுகின்றன.

பிட்டத்தில் போட்டால் இடுப்பு நரம்பு பாதிக்கப்படலாம் என்று அஞ்சித்தான் மருத்துவர்கள் தொடையைத் தேர்ந்தார்கள். அது நியாயமான அச்சம். தொடையின் முன்புறமும் வெளிப்புறமும் பெரிய நரம்போ பெரிய இரத்தக் குழாயோ இல்லாத பத்திரமான இடம் என்றே பாடநூல்கள் சொல்லின. ஒரு முறை போடும் ஊசிக்கு அது உண்மை. ஐம்பது முறை போடும் ஊசிக்கு அந்த வாதம் செல்லாது.

நோயைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெல்ல மடக்கிப் பார்த்தால் போதும். இயல்பான கால் பிட்டத்தைத் தொடும் அளவுக்கு மடங்கும். நேர்த்தசை இறுகியிருந்தால், கால் மடங்க மடங்கப் பிட்டம் படுக்கையிலிருந்து மேலே எழும்பும். அந்தத் தசை இரண்டு மூட்டுகளைக் கடப்பதால், முழங்காலில் கொடுக்க முடியாத நீளத்தை இடுப்பில் எடுத்துக்கொள்கிறது. அதே குழந்தையை உட்கார வைத்து இடுப்பை மடக்கினால் முழங்காலும் ஓரளவு மடங்கிவிடும். இடுப்பை எப்படி வைத்தாலும் முழங்கால் மடங்கவில்லை என்றால், குறை எலும்பில் தொடங்கும் மற்ற மூன்று தசைகளில் இருக்கிறது. இரண்டும் கலந்த வகையும் உண்டு. எந்தத் தசையை எந்த இடத்தில் விடுவிக்க வேண்டும் என்பது இந்தப் பரிசோதனையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. தொடையின் தோலில் ஊசி போட்ட இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும்; காலை மடக்கும்போது அது இன்னும் ஆழமாகும். தோலுக்கும் தசைக்கும் இடையே ஓடும் தழும்பு அங்கே தோலை உள்ளே இழுக்கிறது.

வலி இல்லாத நோய் இது. நிற்பதற்கு நீட்டிய கால் வசதியாகவே இருப்பதால் குழந்தை நிற்கும், நடக்கும். சமதரையில் நடக்க முழங்கால் 60 பாகை மடங்கினால் போதும். நாற்காலியில் சரியாக உட்கார 90 வேண்டும். குத்தவைத்து உட்கார 130க்கு மேல் வேண்டும். நடையில் தெரியாத குறை கழிப்பறையில் தெரிந்துவிடும். தரையில் உட்கார்ந்து உண்ணும், படிக்கும், வழிபடும் நாடுகளில் இந்த 130 பாகை ஆடம்பரம் ஆகாது. அன்றாடத் தேவை அது. மேலை நாட்டு நூல்கள் 'நல்ல முன்னேற்றம்' என்று பதிவுசெய்யும் 100 பாகை, நம்மூர்ப் பிள்ளைக்கு அரை நலம்தான். இந்தியக் குழந்தைகளின் தொடையில் ஊசியால் வந்த நார்த்திசுவைப் பற்றி முகர்ஜியும் தாஸும் 1980இல் எழுதியிருக்கிறார்கள்.

கவனிக்காமல் விட்டால் மூட்டும் கெடுகிறது. இறுகிய தசை முழங்கால் சில்லை மேலே இழுத்துவிடுகிறது. சில குழந்தைகளுக்குக் காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு வெளிப்புறமாகச் சறுக்கி விலகுகிறது. நேரான பாதையில் நீளமில்லாததால் அது குறுக்கு வழி தேடுகிறது. சிலருக்கு முழங்கால் பின்பக்கமாக வளைகிறது. தொடை எலும்பின் உருண்ட கீழ்முனை தட்டையாகிப்போகிறது. இதன் பிறகு தசையை விடுவித்தாலும் எலும்பு ஒத்துழைக்காது.

இழுத்து இழுத்துப் பயிற்சி கொடுத்தால் சரியாகாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. தொடக்கநிலையில், இறுக்கம் இலேசாக இருக்கும்போது, மென்மையான நீட்டுப் பயிற்சிக்குப் பயன் உண்டு. நார்ப்பட்டை உறுதியான பிறகு பயிற்சியால் அது நீளாது. வலிந்து மடக்கினால் எலும்புதான் முறியும். மயக்க மருந்து கொடுத்து ஒரே மூச்சில் மடக்கிவிடும் முயற்சி குழந்தைகளிடம் ஆபத்தானது. அறுவை சிகிச்சையே எஞ்சும் வழி.

எங்கே வெட்டுவது என்பதில்தான் இந்தச் சிகிச்சையின் வரலாறே இருக்கிறது. துணி காயப்போடும் கொடி மிக இறுக்கமாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டு நீளமாக்கலாம். அல்லது தூணில் கட்டிய முனையை அவிழ்த்துத் தளர விடலாம். முதல் வழி பழையது. பென்னட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1922இல் முழங்காலுக்கு மேலே தசைநாணை நீளமாக்கும் முறையை விவரித்தார். 1944இல் தாம்சன், முழங்காலுக்கு அருகே நேர்த்தசையை மற்ற தசைகளிலிருந்து பிரித்து விடுவித்து, கெட்டுப்போன இடைத்தசையை அகற்றும் முறையைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு எலும்பு முறிவுக்குப் பின் வரும் விறைப்பை மனத்தில் வைத்து வகுத்தது அது.

இவற்றால் கால் மடங்கும். சிக்கல் நீட்டுவதில் வருகிறது. நாணை நீளமாக்கிவிட்டால், தசை முழுக்கச் சுருங்கிய பிறகும் கடைசிப் பத்து இருபது பாகை நீட்டப்படாமல் தொங்கி நிற்கும். பெற்றோரோ சிகிச்சையாளரோ கையால் தூக்கினால் கால் நேராகும். குழந்தையின் சொந்த வலிமையால் ஆகாது. இப்படிப்பட்ட முழங்கால் மாடிப்படியில் சட்டென்று மடங்கிக் குழந்தையைத் தள்ளிவிடும். மடங்காத காலை மாற்றி, நம்ப முடியாத காலைத் தருவது நல்ல பேரம் ஆகாது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, மேல்முனை விடுவிப்பு. பிரான்சில் ஜூடெ 1959இல், இறுகிய முழங்காலுக்குத் தசையின் தொடக்க இடத்தையே எலும்பிலிருந்து பெயர்த்துக் கீழே சறுக்கவிடும் கருத்தை முன்வைத்தார். ஊசியால் இறுகிய குழந்தைத் தொடைக்கு மேல்முனை விடுவிப்பைச் சென்குப்தா 1985இல் விளக்கினார். தொடையின் வெளிப்புறம், இடுப்பருகே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து கீழ்நோக்கி நீண்ட கீறல். முதலில் எதிர்ப்படுவது தொடையைச் சுற்றிய உறையின் தடித்த வெளிப்பட்டை. அதுவும் இறுகியிருந்தால் குறுக்கே வெட்டப்படுகிறது. பிறகு வெளிப்புறத் தசையின் தொடக்கத்தை எலும்பு மேட்டிலிருந்து பிரித்து, இடைத்தசையை எலும்பின் முன்பரப்பிலிருந்து மெல்ல உயர்த்துகிறார்கள். வழியில் எலும்பை ஒட்டி ஊடுருவும் இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும்; விட்டுவிட்டால் உள்ளே இரத்தம் தேங்கி, அதுவே நாளைய தழும்பாகும். தசைக்கு உயிர்கொடுக்கும் நரம்பின் கிளைகளும் மேலிருந்துதான் வருகின்றன. அவற்றைக் கண்டறிந்து காப்பது இந்த அறுவையின் நுட்பமான பகுதி.

ஒவ்வொரு இணைப்பும் விடுபடும்போது உதவி மருத்துவர் முழங்காலை மடக்கிப் பார்க்கிறார். சில பாகைகள் கிடைக்கின்றன, மீண்டும் நிற்கிறது. அடுத்த பட்டை விடுபடுகிறது. இடுப்பை நீட்டி வைத்து மடக்கும்போது இன்னும் தடை இருந்தால், நேர்த்தசையை இடுப்பெலும்பில் அது தொடங்கும் இடத்தில் விடுவிக்கிறார்கள். எதை விடுவித்தால் போதுமோ அதோடு நிறுத்திக்கொள்வதே கைதேர்ந்தவரின் அடையாளம். இறுதியில் முழுத் தசையும் அதன் தழும்போடும் நாணோடும் சேர்ந்து சில சென்டிமீட்டர் கீழே இறங்கி, புதிய இடத்தில் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. முழங்காலருகே கத்தி படவில்லை. தசைநாண் அறுபடவில்லை. அதனால் நீட்டும் வலிமை பெரும்பாலும் மிஞ்சுகிறது; தொடக்கத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பயிற்சியில் தேறுகிறது. வளரும் குழந்தைகளுக்கு மேல்முனை விடுவிப்பையே முதலில் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை. சில்லு ஏற்கெனவே விலகும் நிலையில் இருந்தாலோ நார் முழங்காலருகே திரண்டிருந்தாலோ கீழேயும் வேலை செய்ய வேண்டிவரும்.

அறுவை முடிந்ததும் காலை மடக்கிய நிலையில் மாவுக்கட்டோ தாங்கியோ போடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட பகுதி. காயம் ஆறுவது என்றாலே புதிய நார் பின்னப்படுவது. அது மறுபடி இறுகாமலிருக்க முழங்கால் நாள்தோறும் மடங்கி நீள வேண்டும். பிசியோதெரபி சிகிச்சையாளரின் பொறுமை, வலியில் அழும் பிள்ளையை வற்புறுத்தாமல் பழக்கும் தாயின் பொறுமை, இரண்டும் அறுவைக் கத்திக்கு இணையான கருவிகள். எந்த வயதில் செய்வது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. மிகச் சிறிய குழந்தையால் பயிற்சிக்கு ஒத்துழைக்க முடியாது. அதற்கு இன்னும் வளர வேண்டிய எலும்பும் அதிகம், மீண்டும் இறுகும் வாய்ப்பும் அதிகம். மூட்டு உருக்குலையும் வரை காத்திருக்கவும் முடியாது. சில்லு மேலேறத் தொடங்குவதற்குமுன், பிள்ளை சொன்னதைச் செய்யும் பருவத்தில், என்பதே நடைமுறையான எல்லை. நேர்த்தசை மட்டும் இலேசாக இறுகிய பிள்ளைகள் பலருக்குக் கத்தியே தேவைப்படாமல் போகலாம். தோல் காயம் பிளப்பது, சீழ் வைப்பது, வளர்ச்சியோடு இறுக்கம் திரும்புவது ஆகியவற்றையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இழந்த தசையை எந்த அறுவையும் உண்டாக்கித் தருவதில்லை. எஞ்சிய தசையை இடம் மாற்றி வைப்பது மட்டுமே அதனால் ஆகும்.

ஜப்பான் பாடம் கற்றது. 1976இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் குழு, குழந்தைகளுக்குத் தசையில் ஊசி போடுவதைக் கட்டுப்படுத்தும் பரிந்துரைகளை வெளியிட்டது. புதிய நோயாளிகள் அரிதானார்கள். இன்னொரு விளைவும் இருந்தது. பிற நாடுகளில் தசையில் போடும் தடுப்பூசிகளைக்கூட ஜப்பான் பல பத்தாண்டுகள் தோலடியிலேயே போட்டுவந்தது. தடுப்பூசியால் இந்த நோய் வந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று அதே சங்கம் பின்னர் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. வேறு நாடுகளில் நோய் வேறு தசையைப் பிடித்தது. சீனத்தில் பென்சிலினைக் கரைக்கப் பென்சைல் ஆல்கஹால் கலந்த நீரைப் பயன்படுத்தி, பிட்டத்தில் போட்ட ஊசிகளால் குழந்தைகளின் இடுப்புத் தசைகள் இறுகின. உகாண்டாவில் மலேரியாவுக்குப் பிட்டத்தில் போட்ட குவினைன் ஊசி அதே கேட்டைச் செய்தது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் குழந்தைக்குத் தொடையில் போடும் தடுப்பூசிகளைக் கண்டு அஞ்சாதீர்கள். அரை மில்லிலிட்டர் அளவில், தசைக்கு உறுத்தாத கரைசலில், சில முறை மட்டும் போடும் அவை உயிர்காப்பவை. தேதி தவறாமல் போட்டுவிடுங்கள். ஆனால் சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊசி போட்டால்தான் தீரும் என்று மருத்துவரை நெருக்காதீர்கள்; ஊசியை அவரே எடுத்தால், இதையே வாய்வழி மருந்தாகத் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான காய்ச்சல்களுக்கு முடியும்.